அடிப்புள்ளி

நவம்பர் 12, புதன்

மூன்று நாளாகக் காய்ச்சலை மறைத்துக்கொண்டு கடைக்குப் போய்வந்த மனிதர், இன்று காலை பல் தேய்க்கப் போன இடத்தில் சுவரைப் பிடித்தபடி நின்றுவிட்டார். என்னவென்று கேட்டால், "ஒண்ணுமில்லட்டி, லேசாக் கிறுகிறுன்னு வருது" என்கிறார். இந்த ஒண்ணுமில்லட்டியைக் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுவருகிறேன். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டேன். ரத்தம் எடுத்துப் பார்த்து டெங்கு என்றார்கள். பிளேட்லெட் 1,14,000. உடனே படுக்கச் சொல்லிவிட்டார்கள்.

கட்டில் தலைமாட்டில் "ஆவுடையப்பன், 52" என்று அட்டை மாட்டியாயிற்று. மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டிக் கட்டிக் காய்த்துப்போன கை. ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் ஸ்டெல்லா சிஸ்டர் தடவித் தடவிப் பார்த்தார். "தோலு இரும்பாட்டம் இருக்கு சார்" என்றதும் இவருக்கு ஒரே பெருமை. காய்ச்சல்காரர் முகத்தில் சிரிப்பைப் பார்க்க வேண்டுமே.

பள்ளிக்கு லீவு சொன்னேன். தலைமையாசிரியை "ஐயோ பாவம்" என்று ஒரு தடவையும், "இடைப்பருவத் தேர்வு மார்க்க அடுத்த புதனுக்குள்ள ஏத்தணும் டீச்சர்" என்று இரண்டு தடவையும் சொன்னார். சாயங்காலம் ஜெசிந்தா டீச்சர் பத்தாம் வகுப்புக் கணக்கு விடைத்தாள் கட்டுகளை ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து கொடுத்தாள். கூடவே ஆரஞ்சுப் பழம். நோயாளிக்கு ஆரஞ்சு, எனக்குக் கட்டு.

நவம்பர் 13, வியாழன்

78,000.

குளித்துவிட்டு வரலாமென்று மத்தியானம் வீட்டுக்குப் போனால், கொல்லையில் நகராட்சிப் பெண்கள் டார்ச் லைட்டோடு நிற்கிறார்கள். டெங்கு என்று ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போனால் வீடு தேடி வந்துவிடுவார்களாம். இவர் கடையிலிருந்து கொண்டுவந்து போட்ட பழைய மோட்டார் கூடுகள் சுவரோரம் குவிந்து கிடக்கின்றன. எல்லாவற்றிலும் ஐப்பசி மழைத்தண்ணீர். ஒரு பெண் டார்ச்சை உள்ளே அடித்துக் காட்டினாள்.

"பாருங்கக்கா, கொசுப்புழு என்னா துள்ளு துள்ளுதுன்னு. இவ்வளவு வச்சிக்கிட்டு, காய்ச்சல் எங்க இருந்து வந்துச்சுன்னு கேப்பீங்க."

நான் கேட்கவில்லை. எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். துணி காயப்போடப் போனால் பட்டப்பகலிலேயே கொசு காலைப் பிடுங்கியெடுக்கும், ஒரு மாதமாக. "இதையெல்லாம் எடைக்குப் போடுங்க" என்றால், "இரும்பு கெடந்துட்டுப் போகுது, ஒங்கிட்ட சோறா கேக்கு?" என்பார். அந்தப் பெண்களோடு சேர்ந்து ஒவ்வொன்றாகத் தூக்கிக் கவிழ்த்தேன். கோபத்தில் கனம் தெரியவில்லை.

திரும்பி வந்தால் கட்டில் பக்கத்தில் பேச்சியம்மாள் மதினி, கையில் எவர்சில்வர் தூக்கு. இவருடைய அக்கா. தூக்கு நிறையப் பப்பாளி இலைச் சாறு.

"ஏளா வல்லி, மூணு வேளையும் இத விடாமக் குடு. எங்க தெருவுல ஒரு பய பத்தாயிரத்துல கெடந்தான். இதக் குடிச்சான், மறாநாளே அம்பதாயிரம்."

"டாக்டரம்மாகிட்ட கேட்டுக்கிடுவோம் மதினி."

"அவ சின்னப்பிள்ள. அவளுக்கு என்ன தெரியும்?"

இவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். அக்கா கொடுத்தால் விஷத்தையும் குடிப்பார். நான் வைத்த கஞ்சி அப்படியே ஆறிக் கிடக்கிறது.

நவம்பர் 14, வெள்ளி

இன்று 50,000. இந்த வார்டில் எல்லோருக்கும் அந்த ஒரு எண்தான் பேச்சு. ரிப்போர்ட் வருகிற நேரத்தில் கூட இருப்பவர்கள் எல்லாம் வாசலில் போய் நின்றுவிடுகிறோம். "ஒங்களுக்கு எவ்வளவு?" "எங்களுக்கு எழுபது." பரீட்சை ரிசல்ட் தோற்றது.

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் ஓரத்தில் மூன்று எண்ணையும் எழுதிப் பார்த்தேன். 114, 78, 50. முதல் நாள் இறக்கம் 36. மறுநாள் இறக்கம் 28. இறங்குகிறதுதான், ஆனால் இறங்குகிற வேகம் குறைகிறது. வித்தியாசத்தின் வித்தியாசம் 8. இதைக் கண்டதும் கை தானாக ஒரு கிராஃப் தாளை இழுத்தது. முப்பது பேருக்கு நாலாம் பீரியடில் சொல்லிக்கொடுப்பதை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆயிரங்களை விட்டுவிடு. புதன்கிழமையை x = 0 என்று வை. y = 4x² − 40x + 114. வியாழனுக்குப் போட்டால் 78, வெள்ளிக்குப் போட்டால் 50. சரியாக வருகிறது. x²-க்கு முன்னால் இருப்பது கூட்டல் எண், ஆகவே வளைவு மேல்பக்கம் வாய் திறந்திருக்கிறது. கீழே ஓரிடத்தில் அது திரும்பியாக வேண்டும். அந்த இடத்துக்குப் புத்தகத்தில் முனை என்று பெயர். பிள்ளைகளிடம் நான் அடிப்புள்ளி என்றுதான் சொல்வேன், அதுதான் மனசில் நிற்கும். மைனஸ் பி பை டூ ஏ. நாற்பதை எட்டால் வகுத்தால் ஐந்து. புதனிலிருந்து ஐந்தாம் நாள் திங்கட்கிழமை. நம்பிக்கையில்லாமல் வர்க்கப் பூர்த்தி செய்தும் பார்த்தேன். 4(x − 5)² + 14. வர்க்கம் ஒருநாளும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. ஆகவே திங்கட்கிழமை 14,000. அதற்குக் கீழே இறங்காது. செவ்வாய்க்கிழமை ஏறும்.

இதை எழுதி முடித்ததும்தான் எனக்குப் பசித்தது. போய் இரண்டு பூரி சாப்பிட்டேன்.

அகிலா புனேயிலிருந்து போன் செய்தாள். குரலே சரியில்லை. "அம்மா, இருபதாயிரத்துக்குக் கீழ போனா டேஞ்சர்னு நெட்டுல போட்டிருக்கான். நான் கெளம்பி வரேன்."

"திங்கக்கிழமை பதினாலு வரைக்கும் போகும். அதுக்கப்புறம் ஏறிடும். நீ லீவு போட்டுட்டு ஓடியார வேண்டாம்."

"டாக்டர் சொன்னாங்களா?"

"கணக்கு சொல்லுது."

அவளுக்கும் பத்தாம் வகுப்பில் நான்தான் கணக்கு டீச்சர். அதனால் கிளம்பவில்லை.

எதிர்க் கட்டில்காரரின் மனைவிக்கு எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது. "டீச்சர், எங்க வீட்டுக்காரருக்கும் போட்டுச் சொல்லுங்களேன்" என்று துண்டுச் சீட்டோடு வந்து நின்றாள். 90, 70, 48. இறக்கம் 20, அப்புறம் 22. வேகம் கூடுகிறது. வளைவு கவிழ்ந்துவிட்டது. கவிழ்ந்த வளைவுக்கு உச்சி உண்டு, அடி கிடையாது. இதை எந்த வாயால் சொல்வது? "நாளைக்கு நம்பரையும் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று அனுப்பிவிட்டேன். அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

முதுகும் இடுப்பும் விண்டுபோகிறது. நேற்று இரும்பைத் தூக்கிக் கவிழ்த்த கோபத்துக்கு இன்று கூலி.

நவம்பர் 15, சனி

31,000! என் கணக்கில் இன்றைக்கு 30,000. இதைவிட ஒருவர் என்ன எதிர்பார்க்க முடியும்? ஸ்டெல்லா சிஸ்டரிடம் கிராஃப் தாளைக் காட்டினேன். "டாக்டருக்கு வேலையில்லாமப் பண்ணிருவீங்க போல" என்று சிரித்தார். மதினியிடமும் காட்டினேன். அவள் தூக்கைக் காட்டினாள்.

மத்தியானம் இவருக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆறு நாளைக்குப் பிறகு நெற்றியில் கை வைத்தால் சுடவில்லை. மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு செண்பகவல்லியம்மனுக்குப் பட்டுப் பாவாடை நேர்ந்துகொண்டாள். எனக்கும் அந்த அம்மன் பேர்தான். எனக்கு ஒருத்தரும் எதுவும் நேர்ந்துகொள்வதில்லை.

வயிறு வலிக்கிறது என்கிறார். அந்தச் சாற்றை மூன்று வேளை குடித்தால் யாருக்குத்தான் வலிக்காது. கால் சில்லென்றிருக்கிறது, போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டேன். ஒரு பக்கமாகப் படுக்காமல் புரண்டுகொண்டே இருக்கிறார். காய்ச்சல் விட்ட உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று சொல்லியிருக்கிறேன்.

எனக்கும் தலைவலி, கண்ணுக்குப் பின்னால். பிள்ளைகளின் கையெழுத்து அப்படி. இவருடைய மாத்திரையில் ஒன்றைப் போட்டுக்கொண்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

இவரை ஐ.சி.யு. உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். நான் கதவுக்கு வெளியே பெஞ்சில் இருக்கிறேன்.

நவம்பர் 17, திங்கள்

இன்றுதான் எழுத முடிகிறது.

சனிக்கிழமை நான் டைரியை மூடி வைத்த கொஞ்ச நேரத்தில் ஸ்டெல்லா சிஸ்டர் பி.பி. பார்க்க வந்தார். பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடியும் அடித்தார். போர்வையை விலக்கி இவர் காலைத் தொட்டுப் பார்த்தார்.

"எப்பத்துல இருந்து கால் இப்படி இருக்கு?"

"மத்தியானத்துல இருந்து. காய்ச்சல் விட்டுருச்சு சிஸ்டர்" என்றேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன்.

"வயித்து வலின்னாரா?"

"ஆமா."

"ஏன் டீச்சர் என்னையக் கூப்பிடல?"

பதிலுக்குக்கூட நிற்காமல் ஓடினார். அதற்கப்புறம் டாக்டர் வந்தது, கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனது, திருநெல்வேலிக்கு அனுப்பலாமா என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டது எல்லாம் ஒரே குழப்பமாக இருக்கிறது. கட்டில் போகும்போது இவர் என்னைப் பார்த்து, "கடைச் சாவி சட்டைப் பையில இருக்கு" என்றார்.

ஞாயிறு காலையில் டாக்டர் நஸ்ரின் வெளியே வந்தார். மகள் வயதிருக்கும். நாற்காலி இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார்.

"சாருக்கு இப்ப பரவாயில்ல. டிரிப்ஸ்ல பிடிச்சிட்டோம். இன்னும் ஒரு நாள் பாக்கணும். டீச்சர், தினமும் ரிப்போர்ட்ட வாங்கிப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"எந்த வரிய?"

"பிளேட்லெட்."

"எல்லாரும் அதத்தான் பாப்பாங்க. அதுக்கு மேல ஒரு வரி இருக்கு பாருங்க." விரல் வைத்துக் காட்டினார். பி.சி.வி. என்று இருந்தது. புதன், வியாழன் 42. வெள்ளி 44. சனி காலை 46. சனி சாயங்காலம் 51. "ரத்தத்துல இருக்கிற தண்ணி குழாய விட்டு வெளிய கசிஞ்சா ரத்தம் கெட்டியாகும், இந்த நம்பர் ஏறும். ஆளக் கொல்றது அதுதான், பிளேட்லெட் இல்ல. காய்ச்சல் இருக்கிற வரைக்கும் நான் நிம்மதியாத் தூங்குவேன். காய்ச்சல் விட்ட அன்னிக்குத்தான் முழிச்சிருப்பேன். வயித்து வலி, வாந்தி, கை கால் சில்லுன்னு ஆகிறது, இதுல ஒண்ணு இருந்தாலும் உடனே சொல்லணும்."

தலையாட்டினேன். இறங்குகிற எண்ணைக் கிராஃபில் போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தபோது, அதே தாளில் மூன்று விரற்கடை மேலே இன்னொரு எண் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. தப்பான சார்புக்கு அடிப்புள்ளி கண்டுபிடித்திருக்கிறேன். கணக்கில் ஒரு பிழையும் கிடையாது. முழு மார்க் போடலாம்.

மதினி சும்மா விடுவாளா? பெஞ்சுக்கு வந்து, எல்லோரும் கேட்கும்படி, "புருசன் வயித்து வலின்னு துடிக்கான், இவ பேப்பர்ல கோடு இழுத்துக்கிட்டு இருந்திருக்கா" என்றாள். நானும் பப்பாளி இலையைப் பற்றி நாலு வார்த்தை சொன்னேன். அப்புறம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் இரண்டு ஓரமாக உட்கார்ந்து அழுதோம்.

அகிலாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. கணக்குப்படிதான் போகிறது என்றேன்.

நேற்றும் 17,000. இன்றும் 17,000. பி.சி.வி. 43-க்கு இறங்கிவிட்டது. டாக்டர் "இன்னிக்குக் கவலையில்ல" என்றார். நாளைக்கு என்று கேட்டால் சிரிக்கிறார்.

நேற்று மழையில் நனைந்தபடி மருந்துக் கடைக்குப் போனதில் எனக்குக் குளிர் எடுத்துவிட்டது. பெஞ்சுக்கு மேலே இருக்கிற மின்விசிறியை நிறுத்தச் சொன்னால், வேர்க்கிறது என்று மற்றவர்கள் சண்டைக்கு வருகிறார்கள். காபி வாயில் கசக்கிறது.

நவம்பர் 18, செவ்வாய்

29,000. ஏறிவிட்டது.

எதிர்க் கட்டில்காரர் இன்று வீட்டுக்குப் போய்விட்டார். அடியே இல்லாத வளைவுக்காரர். சனிக்கிழமையே அவருக்கு ஏற ஆரம்பித்துவிட்டதாம். போகும்போது அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அன்னிக்குப் பதில் சொல்லாமப் போனதுல ரெண்டு நாளாச் சோறு எறங்கல டீச்சர்" என்றாள். நல்லவேளை, கணக்கைச் சொல்லவில்லை. "ஒங்க கை என்ன இப்படிச் சுடுது?" என்றும் கேட்டாள். வெயிலில் வந்தேன் என்றேன். வெளியே மழை.

திருத்தி முடித்துவிட்டேன். வரைபடக் கேள்விக்கு y = x² − x − 6 கொடுத்திருந்தேன். x-க்குப் பூஜ்யம் போட்டால் −6, ஒன்று போட்டாலும் −6. பாதிப் பிள்ளைகள் அந்த இரண்டு புள்ளிக்கும் நடுவே ஸ்கேலை வைத்து நேர்கோடு இழுத்திருக்கிறார்கள். வளைந்து வளைந்து அழகாக இறங்கிவரும் பரவளையம், அடியில் மட்டும் பலகை மாதிரித் தட்டை. அரை போட்டுப் பார்க்க ஒருத்திக்கும் தோன்றவில்லை. அரை போட்டால் −6.25. அங்கேதான் அடி.

வழக்கமாக இதற்கு ஒரு மார்க் குறைப்பேன். இன்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு 17, திங்கள் 17. கேட்டவர்களிடமெல்லாம் "ரெண்டு நாளும் அப்படியே நிக்குது" என்றுதான் நானும் சொன்னேன். எங்கே நின்றது? நடுவில் எங்கேயோ இன்னும் கீழே போய்த் திரும்பியிருக்கும். அப்போது யாரும் ரத்தம் எடுக்கவில்லை. நான் மதினியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்திருப்பேன், அல்லது பெஞ்சில் சாய்ந்து தூங்கியிருப்பேன். இந்த மனிதர் தன் அடிப்புள்ளியைத் தனியாகக் கடந்து வந்திருக்கிறார் என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்தது. அழுதால் கண்ணுக்குப் பின்னால் இன்னும் வலிக்கிறது. ஒருத்திக்கும் மார்க் குறைக்கவில்லை.

இன்னொரு மாத்திரை போட்டுக்கொண்டேன். அட்டை காலியாகிவிட்டது. இவருக்கு என்று வாங்கியது. இவர் சாப்பிட்டது நாலைந்துதான் இருக்கும்.

நவம்பர் 19, புதன்

பழைய கட்டிலுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். 58,000. ஒரு கிண்ணம் ரசஞ்சாதம் சாப்பிட்டுவிட்டு, "உப்புக் காணாது" என்றார். ஆள் தேறிவிட்டார்.

பெஞ்சில் உட்கார்ந்து போனிலேயே மார்க் முழுவதையும் ஏற்றிவிட்டேன். எழுத்து கலங்கலாகத் தெரிந்தது, இரண்டிரண்டு தடவை பார்த்துத்தான் போட்டேன். தலைமையாசிரியை கும்பிடுகிற கை ஒன்று அனுப்பியிருந்தார்.

இன்றைக்கு எனக்குமே உடம்பு லேசாக இருக்கிறது. நாலைந்து நாளாகக் கூடவே இருந்த தலைவலியைக் காணோம். சூடும் இல்லை. வேலை முடிந்த தெம்புதான் எல்லாம். கேன்டீன் சப்பாத்திதான் ஒத்துக்கொள்ளவில்லை, இரண்டு தடவை வாந்தி. வயிற்றைப் பிசைகிறது. பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். பிரஷ்ஷை மாற்ற வேண்டும். மணிக்கட்டில் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்திருக்கிறது, பெஞ்சில் மூட்டைப்பூச்சி இருக்கும்.

சாயங்காலம் இவர் என்னை உற்றுப் பார்த்தார். "ஏ வல்லி, முகம் ஏன் இப்படி வெளிறிக் கெடக்கு?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

உடனே நம்பிவிட்டார். அவர் சொன்ன ஒண்ணுமில்லட்டியில் ஒன்றைக்கூட இத்தனை வருஷத்தில் நான் நம்பியதில்லை.

நவம்பர் 20, வியாழன்

கையில் ஊசி இருக்கிறது. எழுத்து கோணலாகத்தான் வரும்.

காலையில் இவருக்கு டிஸ்சார்ஜ் சீட்டு வந்தது. என்ன சாப்பிட வேண்டும், என்றைக்கு மறுபடி காட்ட வேண்டும் என்று ஸ்டெல்லா சிஸ்டர் எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். சீட்டை நான் கையில் வாங்கும்போது என் விரல் அவர் மேல் பட்டது. பேச்சை நிறுத்தினார்.

"என்ன டீச்சர், கை ஐஸா இருக்கு?"

"தண்ணில பாத்திரம் கழுவிட்டு வந்தேன்."

என் முழங்கையைப் பிடித்து இவர் கட்டிலிலேயே உட்கார வைத்தார். பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். மறுபடியும் அடித்தார். அந்த இரண்டாவது தடவையில் எனக்குப் புரிந்துவிட்டது.

"காய்ச்சல் எப்ப வந்துச்சு?"

"எனக்கு ஏது காய்ச்சல்?"

"டீச்சர்!"

"நேத்து விட்டுருச்சு" என்று என் வாய் தானாகச் சொன்னது.

டாக்டர் நஸ்ரின் வந்து என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. வெறும் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே போனார். வயித்து வலியா, வாந்தி எத்தனை தடவை, ஈறில் ரத்தம் வந்ததா, சிறுநீர் கடைசியாக எப்போது போனது. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லும்போதுதான் அவையெல்லாம் ஒரே உடம்பில் நடந்தவை என்று எனக்கே தெரிந்தது. "எல்லாத்தையும் நான் உங்ககிட்ட சொல்லியிருந்தேனே டீச்சர்" என்று மட்டும் கடைசியில் சொன்னார். சொல்லியிருந்தார். இவருக்காகத்தான் கேட்டுக்கொண்டேன்.

இவர் சட்டை பேன்ட் போட்டுக்கொண்டு, கையில் பையோடு, கட்டில் பக்கத்தில் நின்றார். எங்கே போவது என்று தெரியாதவர் நிற்கிற மாதிரி.

பிளேட்லெட் 44,000. பி.சி.வி. 49.

நவம்பர் 21, வெள்ளி

உள்ளே இருக்கிறேன். இவரை எப்படி உள்ளே விட்டார்கள் என்று தெரியவில்லை. "நீங்களே இன்னும் பேஷன்ட்டுதான், வீட்டுக்குப் போய்ப் படுங்க சார்" என்று சிஸ்டர் மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். ஸ்டூலை விட்டு நகரவில்லை. மதினி கொல்லை இரும்பு முழுவதையும் எடைக்காரனை வரச்சொல்லி ஏற்றிவிட்டாளாம். அகிலா வழியில் இருக்கிறாள். இந்தத் தடவை அவளை வரவேண்டாம் என்று சொல்ல என்னிடம் கணக்கு எதுவும் இல்லை.

காலையில் மறுபடி ரத்தம் எடுத்திருக்கிறார்கள். ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.

"எனக்குப் போட்டியே, அந்தக் கணக்க ஒனக்கும் போட்டுப் பாரேன்" என்றார் இவர். "எப்பத் திரும்பும்னு தெரிஞ்சிரும்லா."

"எங்கிட்ட ஒரே ஒரு புள்ளிதாங்க இருக்கு. ஒரு புள்ளி வழியா எத்தன வளைவு வேணும்னாலும் போகும்."

ஸ்டூலை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டார். "அதுல நல்லதா ஒண்ணு பாத்துப் போடேன்."

சிரிக்கப் போனேன், வயிறு வலித்தது. "பயமா இருக்குங்க" என்றேன். இதை நான் அவரிடம் இதுவரை சொன்னதே இல்லை. இந்த டைரியில்கூட எழுதியதில்லை.

போர்வையை விலக்கி என் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். காயில் கட்டிக் காய்த்துப்போன கை அது, சூடு குளிர்ச்சி சரியாகத் தெரியாது. புறங்கையை வைத்துப் பார்த்தார். அப்புறம் குனிந்து கன்னத்தை வைத்துப் பார்த்தார். எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து, சிஸ்டரைக் கூப்பிடப் போனார்.